விழிப்புக் கிண்ணம்

பதினேழாவது ஆளுக்கும் கிண்ணம் ஒலித்துவிட்டது. சேதி சலவை நிலையத்து வாசலைத் தாண்டிப் பேருந்து நிறுத்தம் வரை போனது. திரும்பி வரும்போது பதினேழு எழுபதாகியிருந்தது.

அன்று முதல் வாசலில் கூட்டம். பரீட்சை எழுதப் போகும் மாணவியின் அம்மா, ஒரே மின்கம்பத்தில் மூன்று முறை வண்டியை மோதிய ஓட்டுநர், மாமியாரிடம் வாய் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட மருமகன், தூக்கம் வராத கடைக்காரர் என்று வரிசை தெருமுனையைத் தொட்டது. எல்லாருக்கும் ஒரே ஆசை. அந்தக் கிண்ணத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். முடிந்தால் அதில் ஊற்றி எடுத்த தண்ணீரில் ஒரு பாட்டில் வேண்டும். ஞானம் இலவசம், பாட்டிலுக்குத்தான் விலை என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். ஓட்டுநர் ஒரு பாட்டில் வாங்கிப் போய் ஸ்டியரிங்கில் தடவினார். நான்காவது முறை அவர் மோதியது வேறொரு மின்கம்பத்தில். முன்னேற்றம்தானே.

கிண்ணத்துக்குச் சொந்தக்காரர் விழிப்பு ஐயா. மழித்த தலை, காவிச் சால்வை, ஒரு வாக்கியத்துக்கு நான்கு மூச்சு. ஏதோ ஒரு மலையில் ஏழு வருடம் மௌனமாக இருந்தவர் என்றார்கள். எந்த மலை என்று யாரும் கேட்கவில்லை. மௌனமாக இருந்தவரிடம் கேட்டு என்ன பயன் என்று விட்டிருப்பார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க அவருக்கு ஏழு நிமிடம் ஆகும். டம்ளரைத் தொடுவதை உணர்ந்து, தூக்குவதை உணர்ந்து, விழுங்குவதை உணர்ந்து குடிப்பார். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தாகம் எடுத்துவிடும்.

இந்த அதிசயமெல்லாம் நடந்த சலவை நிலையம், மருத்துவமனைகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வண்டி வண்டியாக வருகிற படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்புகிற இடம். அங்கே கஞ்சி போடுகிற பிரிவைப் பார்த்துக்கொண்டவளை எல்லாரும் கஞ்சியக்கா என்றார்கள். வேலையால் வந்த பெயர்தான். ஒரு தடவை பேசிப் பார்த்தவர்கள் மட்டும் குணத்தால் வந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். கஞ்சியின் பதம் சரி என்று யார் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள். சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் அளவையும் நம்பமாட்டாள். இரண்டு விரலால் தொட்டு, தேய்த்து, பிரித்துப் பார்த்தால்தான் திருப்தி.

அப்படிப்பட்டவளும் முதல் நாள் கை தட்டியவள்தான். அதைப் பின்னால் பல தடவை சொல்லி அவளே நொந்துகொண்டாள்.

ஐயா அங்கே வந்து சேர்ந்த கதை இது. விரிப்புகளைத் தேய்க்க நிலையத்தில் ஒரு ரோலர் இருந்தது. சூடான இரண்டு பெரிய உருளைகள். ஈர விரிப்பின் நுனியைப் பிடித்துக் கொடுத்தால் உள்ளே இழுத்துக்கொண்டு மறுபக்கம் மொடமொடவென்று தள்ளும். கையையும் சேர்த்து இழுத்துவிடக் கூடாது என்பதற்காக உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. விரல் பட்டால் ரோலர் நின்றுவிட வேண்டும். அந்தக் கம்பியின் ஸ்பிரிங் பழசாகிப் போயிருந்தது. விரல் பட்டாலும் நின்றது, விரிப்பு பட்டாலும் நின்றது, பக்கத்தில் யாராவது தும்மினாலும் நின்றது. வேலை தேங்கியது. ஸ்பிரிங்கை மாற்றித் தாருங்கள் என்று ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் மனுக் கொடுத்தார்கள். கஞ்சியக்கா ஒருத்தி, ரோலரில் வேலை பார்த்த அவளுடைய நாத்தனார் ஒருத்தி, மடிக்கிற பிரிவில் மூன்று பேர்.

மேனேஜர் ஒரு வாரம் யோசித்தார். ஸ்பிரிங் வாங்கவில்லை. விழிப்பு ஐயாவைக் கூட்டி வந்தார்.

"விபத்து எங்கேருந்து வருது? மெஷின்லேருந்தா?" என்று ஐயா முதல் நாள் கேட்டார். மூச்சு. "மனசுலேருந்து." மூச்சு. "கவனம் இருக்கற கைக்குத் தடுப்பு எதுக்கு?"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. மறுநாளே மேனேஜர் ஒரு கட்டுக்கம்பியை எடுத்து, தடுப்புக் கம்பி அசையாதபடி இறுக்கிக் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு ரோலர் நிற்கவே இல்லை. பயிற்சிக்கான காணிக்கையை எல்லாருடைய சம்பளத்திலும் பிடித்துக்கொண்டார்கள்.

பயிற்சி வெள்ளிக்கிழமை மதியம் நடக்கும். ஐயா அதற்கு வெள்ளைத் தியானம் என்று பெயர் வைத்திருந்தார். எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து, தலை முதல் தரை வரை ஆளுக்கொரு வெள்ளை விரிப்பால் மூடிக்கொள்ள வேண்டும். முகம் மறைந்தால் அகங்காரம் மறையுமாம். சலவை நிலையத்தில் விரிப்புக்கா பஞ்சம்? தரையில் சாக்பீஸால் எண் எழுதியிருக்கும். ஒருவருக்கு ஒரே இடம், மாறவே கூடாது. இடம் மாறினால் மனமும் மாறிவிடுமாம். எல்லாரும் மூடிக்கொண்ட பிறகுதான் ஐயா உள்ளே வருவார். துணி தள்ளுகிற டிராலியை மேனேஜர் தள்ளிக்கொண்டு வருவார். டிராலியின் மேல் ஒரு பட்டு மெத்தை, அதன் மேல் வெண்கலக் கிண்ணம். ஐயா கண்ணை மூடிக்கொண்டு கூடவே நடப்பார். ஒவ்வொருவர் முன்னாலும் டிராலி நிற்கும். உள்ளே இருப்பவர் மனம் முழு விழிப்பில் இருந்தால், யாரும் தொடாமலே கிண்ணம் 'டொய்ங்' என்று ஒலிக்கும்.

புத்தர் கையிலும் ஒரு கிண்ணம் இருந்ததுண்டு. அதில் அவர் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அது யாருக்கும் மதிப்பெண் போட்டதாகத் தெரியவில்லை.

ஐயா வந்த ஐந்தாவது வாரம் ரோலர் நாத்தனாரின் வலது கையைப் பிடித்தது. கம்பியைத்தான் கட்டிப் போட்டிருந்தார்களே, ரோலர் எப்படி நிற்கும்? யாரோ ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைப்பதற்குள் மூன்று விரல் வெந்துவிட்டது.

மேனேஜர் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. ஒரு காகிதம் வந்தது. 'என் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து' என்று தட்டச்சு செய்திருந்தது. அதை ஒப்புக்கொண்டால் வேலையும் போகும், கைக்கு வைத்தியமும் அவள் பாடு. வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இடது பெருவிரல் ரேகையே போதும் என்று கருணையோடு கீழே ஒரு கட்டமும் வரைந்திருந்தார்கள்.

கஞ்சியக்கா காகிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போய் நின்றாள். மேனேஜர் நியாயஸ்தர்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. கிண்ணம் சொல்லட்டும்," என்றார். "மூணு வெள்ளிக்கிழமை வந்து உக்காரட்டும். ஒரே ஒரு தடவை ஒலிச்சாலும் காகிதத்தக் கிழிச்சுப் போட்டுடறேன்."

கட்டுப் போட்ட கையோடு நாத்தனார் இரண்டு வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்தாள். டிராலி அவள் முன்னால் நின்றது, நகர்ந்தது. கிண்ணம் வாயைத் திறக்கவில்லை.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. அந்த நிலையத்தில் உண்மையாகவே தியானம் செய்கிற ஆள் ஒருத்தி இருந்தாளென்றால் அது நாத்தனார்தான். பன்னிரண்டு வருடமாகத் தினமும் விடிந்ததும் அரை மணி நேரம் உட்காருவாள். அவளும் கஞ்சியக்காவும் ஒன்றாக இருந்த வீட்டின் சமையலறை ஜன்னலோரம், மடித்த போர்வையின் மேல். அலமாரியில் கையளவு புத்தர் சிலை ஒன்று இருந்தது. அதனிடம் அவள் எதையும் கேட்டு யாரும் பார்த்ததில்லை. அவளைத் தாண்டித்தான் கஞ்சியக்கா அடுப்புக்குப் போக வேண்டும். சில நாள் கால் இடித்துவிடும். அப்போதும் அவள் அசையமாட்டாள்.

இரண்டாவது வெள்ளி கழிந்த மறுநாள் காலை அந்தப் போர்வை விரிக்கப்படவில்லை. நாத்தனார் ஜன்னல் பக்கம் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன, இன்னிக்கு உக்காரலியா?"

"என்னத்த உக்காந்து என்ன அண்ணி. அந்தக் காகிதத்துல ரேகைய வெச்சுடறேன்."

"எதுக்காம்?"

"ரெண்டு தடவையும் ஒலிக்கலயே. எனக்குக் கவனம் இல்லன்னுதானே அர்த்தம். பன்னெண்டு வருஷமா நான் என்னதான் பண்ணிட்டு இருந்தேன்னு இருக்கு."

கஞ்சியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை வெந்த அன்றுகூட நாத்தனார் இப்படிக் கலங்கவில்லை. விரலைக் கொண்டுபோனது போதாதென்று, ஒரு வெண்கலப் பாத்திரம் இந்தப் பெண்ணின் பன்னிரண்டு வருடத்தையும் அல்லவா தூக்கிக்கொண்டு போகிறது?

"சரி, அன்னிக்கு மெஷின் பக்கத்துல நின்னு என்ன நெனச்சுட்டு இருந்தே? உங்கண்ணன் வாங்கித் தரேன்னு சொல்லிட்டே இருக்கற செருப்பப் பத்தியா?"

"ஒண்ணும் நெனைக்கல அண்ணி. விரிப்பத்தான் பாத்துட்டு இருந்தேன். இடது ஓரத்துல நாலு தையல் பிரிஞ்சிருந்துச்சு. தனியா எடுத்து வைக்கணும்னு கைய நீட்டினேன். பிரிஞ்ச நூல் விரல்ல மாட்டிச்சு. கை கம்பி மேல பட்டுச்சு. கம்பி அசையல. அப்புறம் சூடு."

"எத்தன தையல்னு எண்ணிப் பாத்திருக்க. இதுக்கு மேல என்னடி கவனம் வேணும்?"

"ஆனா கிண்ணம்..."

"கிண்ணத்தக் கேட்டுத் தெரிஞ்சுக்கன்னா உங்க புத்தர் சொன்னாரு?"

நாத்தனார் அலமாரிச் சிலையைத் திரும்பிப் பார்த்தாள். "இல்ல அண்ணி. மூச்சு வரதப் பாரு, போறதப் பாரு. எது எப்படி நடக்குதோ அத அப்படியே பாரு. இன்னொருத்தர் சொன்னதுக்காக எடுத்துக்காத, நீயே பாத்துக்கன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"நல்ல மனுஷன்," என்றாள் கஞ்சியக்கா. "நீ கையெழுத்தும் போட வேணாம், ரேகையும் வெக்க வேணாம். மூணாவது வெள்ளி வரட்டும். அதுவரைக்கும் நான் பாக்கறேன்."

பார்க்க ஆரம்பித்தாள். பார்க்க ஆரம்பித்தால்தான் எவ்வளவு தெரிகிறது!

நிலையத்தில் மொத்தம் இருபத்திரண்டு பேர். பதினேழு பேருக்குக் கிண்ணம் ஒலித்துவிட்டது. ஒலிக்காத ஐந்து பேர் யார் யார் என்று விரல்விட்டு எண்ணினாள். மடிக்கிற பிரிவில் மூன்று பேர், நாத்தனார், அவள். மனுவில் கையெழுத்துப் போட்ட அதே ஐந்து பேர். தனக்கு ஒலிக்காததற்குத் தன் வாய்தான் காரணம் என்று அவள் இத்தனை நாள் நம்பியிருந்தாள். பாவம், வாய் மேல் வீண் பழி.

முதன்முதலில் ஒலித்தது சூப்பர்வைசருக்கு. அவர் மேனேஜருக்கு மச்சான். அதனால் முதுகுக்குப் பின்னால் எல்லாருக்குமே அவர் மச்சான்தான். ஒன்பதாம் இடம் அவருடையது, பத்தாம் இடம் கஞ்சியக்காவுடையது. விரிப்புக்குள் அவர் குறட்டை விடுவது அவளுக்கு நன்றாகவே கேட்டிருக்கிறது. இரண்டு குறட்டைக்கு நடுவில்தான் கிண்ணம் ஒலித்தது. ஆழ்ந்த நிலை என்று ஐயா அப்போது பாராட்டினார்.

மூன்றாவது வெள்ளி வந்தது. அது சாதாரண வெள்ளி இல்லை. முதலாளியம்மா வருகிறார். கூடவே வேறு சில தொழிற்சாலைக்காரர்களும் வருகிறார்கள். பிடித்துப்போனால் அவர்கள் இடத்திலெல்லாம் கிண்ணம் வைக்கலாம் என்று மேனேஜர் கணக்குப் போட்டிருந்தார். வாசல் கூட்டத்திலிருந்தும் முப்பது பேரை உள்ளே விடப் போகிறார்கள். ஐயா வரும்போதுதான் அவர்களும் வர வேண்டும் என்பது ஏற்பாடு.

காலையில் மேனேஜர் கஞ்சியக்காவைக் கூப்பிட்டு டிராலியைத் துடைத்து வைக்கச் சொன்னார். டிராலி அறை மூலையில் நின்றது. ஐயா அடுத்த அறையில் தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்திருந்தார். அவளுக்கு முழுதாக ஏழு நிமிடம் கிடைத்தது.

கிண்ணத்தை அவள் சட்டைசெய்யவில்லை. பாத்திரம் பாத்திரம்தான். அவள் கண் மெத்தை மேல் விழுந்தது. அந்தக் கட்டிடத்துக்குள் வந்த எந்தத் துணியும் தண்ணீர் படாமல் இருந்ததில்லை. இந்தப் பட்டு மெத்தை மட்டும் இரண்டு மாதமாகக் குளிக்காமல் இருக்கிறது. மூன்று பக்கம் மெஷின் தையல், மங்கிய பழுப்பு நூல். நான்காவது பக்கம் கைத்தையல், புத்தம் புதுக் கறுப்பு நூல். அதற்கடியில் பழைய ஊசித் துளைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. வாராவாரம் பிரித்து வாராவாரம் தைத்தால்தான் துணி அப்படி ஆகும். தூக்கிப் பார்த்தாள். பஞ்சு இவ்வளவு கனக்காது.

அங்கேயே பிரித்திருக்கலாம். பிரித்தால் என்ன ஆகும்? சந்தேகக்காரி கை பட்டுச் சக்தி போய்விட்டது என்பார்கள். நாத்தனாரின் காகிதம் அப்படியே இருக்கும். எல்லாரும் பார்க்கிற இடத்தில், ஐயாவே தன் வாயால் ஒப்புக்கொள்கிற மாதிரி நடக்க வேண்டும். மெத்தையைத் தட்டி இருந்தபடியே வைத்தாள்.

மதியம் விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மச்சான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன சூப்பர்வைசர் சார், ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒரு மணி நேரம் அந்த விரிப்புக்குள்ள புழுங்கிச் சாகணும்க்கா. பின்னாடி போய் ஒரு சிகரெட் புடிச்சுட்டு வந்தா நல்லா இருக்கும்."

"போயிட்டு வாங்களேன். உங்க எடம் காலியாத் தெரியாம நான் பாத்துக்கறேன். விரிப்பு போத்தறது என் வேலதானே."

"ஐயாவுக்குத் தெரிஞ்சுடாதே?"

"அவருக்குத் தெரியவே தெரியாது," என்றாள். முழு நம்பிக்கையோடு சொன்னாள்.

மச்சான் பின்வாசல் வழியாக நழுவினார். இருபது பேரை வரிசையாக உட்கார வைத்து அவள் ஒவ்வொருவரையும் போர்த்தினாள். எல்லாரும் வெள்ளைக்குள் மறைந்ததும், அன்று காலை ஓட்டலிலிருந்து வந்திருந்த சமையலறைத் துண்டு மூட்டையை இழுத்து வந்தாள். எண்ணெய்க் கறையும் புகை நாற்றமுமாக ஆள் உயரத்தில் பாதி இருந்தது. ஒன்பதாம் எண் மேல் உட்கார வைத்து, தலைக்குத் தரை துடைக்கிற வாளியைக் கவிழ்த்து, நல்லதாக ஒரு விரிப்பை எடுத்துப் போர்த்தினாள். தள்ளி நின்று பார்த்தாள். மச்சானைவிட நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தது. பிறகு நைந்து வலைபோல் ஆன விரிப்பு ஒன்றைத் தன் மேல் போட்டுக்கொண்டு பத்தாம் இடத்தில் உட்கார்ந்தாள். அதற்குள்ளிருந்து எல்லாம் தெரிந்தது. பதினொன்றாம் இடத்தில் நாத்தனார் இருந்தாள்.

கதவு திறந்தது. ஐயா, முதலாளியம்மா, விருந்தாளிகள், வாசல் கூட்டம். டிராலிச் சக்கரம் கீச்சிட்டது. முதல் ஆளுக்கு 'டொய்ங்'. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. இரண்டாவதுக்கு 'டொய்ங்'. மூன்று, நான்கு, ஐந்து மடிக்கிற பிரிவு, சத்தம் இல்லை. கஞ்சியக்கா விரிப்புக்குள்ளிருந்து ஐயாவின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை சால்வைக்குள் இருந்தது. ஒவ்வொரு 'டொய்ங்'குக்கும் முன்னால் சால்வை அந்த இடத்தில் லேசாக நெளிந்தது.

டிராலி ஒன்பதாம் இடத்தில் நின்றது. சால்வை நெளிந்தது.

'டொய்ங்ங்ங்.'

மற்றவர்களுக்கு ஒரு தடவை. மேனேஜரின் மச்சானுக்கு மூன்று தடவை. ஐயா கைகளைக் கூப்பினார்.

"அம்மா," என்றார் முதலாளியம்மாவிடம். மூச்சு. "இத்தன வருஷத்துல நான் எவ்வளவோ பேரப் பாத்திருக்கேன். இப்படி ஒரு அசையாத மனச..." மூச்சு. "உள்ள ஒரு எண்ணம்கூட இல்ல. ஆசை இல்ல, கோபம் இல்ல. மூச்சு இருக்கறதே தெரியல."

இதில் ஒரு சொல்லைக்கூடத் தப்பென்று சொல்ல முடியாது.

"அப்படிப்பட்டவர நான் பாக்கணுமே," என்றார் முதலாளியம்மா.

"விரிப்ப எடுங்க," என்றார் ஐயா பெருமையோடு.

"நான் எடுக்கறேம்மா," என்று பத்தாம் இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கஞ்சியக்கா தன் விரிப்பை உதறிவிட்டு எழுந்தாள். ஒன்பதாம் விரிப்பின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. வாளி உருண்டு ஐயாவின் காலடியில் போய் நின்றது. முழு விழிப்பு அடைந்த மூட்டை, எண்ணெய் நாற்றத்தோடு எல்லாரையும் பார்த்து உட்கார்ந்திருந்தது.

ஒரு கணம் ஒருவரும் மூச்சுவிடவில்லை. ஐயாவின் பயிற்சி முதன்முதலாகப் பலித்தது அப்போதுதான்.

பின்கதவு திறந்தது. மச்சான் புகை வாசனையோடு தலையை நீட்டினார். "எனக்கு அடிச்சிடுச்சா?" என்று கேட்டார்.

சிரிப்பு வெடித்தது. விரிப்புக்குள் இருந்தவர்களெல்லாம் என்ன ஏது என்று எட்டிப் பார்த்தார்கள். ஆனால் ஐயாவைச் சும்மா சொல்லக் கூடாது, ஆள் கெட்டிக்காரர். கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி திறந்தார்.

"சிரிக்காதீங்க. எல்லாப் பொருளுக்குள்ளயும் விழிப்பு இருக்கு. கல்லுல, மண்ணுல, துணில. கிண்ணம் பொய் சொல்லாது."

கூட்டத்தில் நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடியும்விட்டன.

"சரிங்க ஐயா," என்றாள் கஞ்சியக்கா. "அப்ப இந்த எண்ணெத் துணிக்கு இருக்கற கவனம், பன்னெண்டு வருஷமா உக்கார்ற என் நாத்தனாருக்கு இல்ல. அப்படித்தானே? போகட்டும். சக்தி கிண்ணத்துக்குத்தான?"

"கிண்ணத்துக்குத்தான்."

"அப்ப மெத்தை எதுக்கு? ரொம்ப அழுக்கா இருக்கு. நீங்க கிண்ணத்தத் தரையில வெச்சு ஒலிக்கச் சொல்லுங்க. அதுக்குள்ள நான் இத அலசிக் கொண்டுவந்துடறேன்."

கிண்ணத்தை இறக்கித் தரையில் வைத்தாள். மெத்தையை அணைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பினாள். அவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஏழு நிமிடம் எடுத்துக்கொள்கிற மனிதர் இரண்டே எட்டில் அவள் வழியை மறித்துவிட்டார். நடப்பதை உணர்ந்து நடந்த மாதிரித் தெரியவில்லை.

"தண்ணில போடாதே!"

பதற்றத்தில் சால்வைக்குள் இருந்த கை எதையோ இறுக்கிவிட்டது. கஞ்சியக்காவின் கைக்குள் மெத்தை 'டக் டக் டக்' என்று உதைக்க ஆரம்பித்தது. கிண்ணம் தரையில் கம்மென்று கிடந்தது. முதலாளியம்மா மெத்தையைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், ஐயாவின் சால்வையைப் பார்த்தார்.

கஞ்சியக்கா பையிலிருந்து நூல் வெட்டுகிற கத்தரியை எடுத்தாள். கறுப்புத் தையலை நறுக்கினாள். பஞ்சுக்குள்ளிருந்து ஒரு பேட்டரி, ஒரு குட்டி மோட்டார், மோட்டார் நுனியில் ஒரு உலோகக் குண்டு என்று வந்தது. சால்வைக்குள் ஐயா அழுத்திய பொத்தான் சிக்கிக்கொண்டதோ என்னவோ, குண்டு இன்னும் தட்டிக்கொண்டே இருந்தது. கிண்ணத்தை எடுத்து அதன் அடியில் குண்டைக் காட்டினாள். 'டொய்ங்' என்றது. யார் வேண்டுமானாலும் வந்து பாருங்கள் என்று அதை வரிசைக்கு நீட்டினாள். இருபது பேரும் ஆளுக்கொரு தடவை ஒலிக்க வைத்துப் பார்த்தார்கள். மச்சானும்தான்.

அந்த அமளியில் விழிப்பு ஐயா சாமான் ஏற்றுகிற வாசல் வழியாகப் போய்விட்டார். கிண்ணத்தைக் கேட்டு இதுவரை ஆள் அனுப்பவில்லை.

முதலாளியம்மா மேனேஜர் பக்கம் திரும்புவதற்குள், நாத்தனார் கட்டுப் போட்ட கையோடு அவர் முன்னால் வந்து நின்றாள். இடது கையில் அந்தக் காகிதம் இருந்தது.

"இதுல நான் கவனக்குறைவா இருந்ததா எழுதியிருக்கும்மா. அன்னிக்கு நான் பாத்தது என்னன்னு சொல்றேன்." குரல் உயரவில்லை. நாலு தையல் பிரிந்திருந்ததைச் சொன்னாள். நூல் மாட்டியதைச் சொன்னாள். கம்பி அசையாததைச் சொன்னாள். கட்டுக்கம்பியை எத்தனை சுற்றுச் சுற்றியிருந்தது, எந்தப் பக்கம் முறுக்கியிருந்தது, அதை முறுக்கிய கை யாருடையது என்பது வரை வரிசையாகச் சொன்னாள். யாரையும் திட்டவில்லை. எல்லாரும் ரோலர் பக்கம் நடந்து போய்ப் பார்த்தார்கள். ஆறு சுற்று என்றாள். ஆறு சுற்றுத்தான் இருந்தது.

"கட்டுனது நீங்களா?" என்று முதலாளியம்மா மேனேஜரைக் கேட்டார்.

"ஐயாதான் கவனம் இருந்தா..." என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

முதலாளியம்மா காகிதத்தை வாங்கிக் கிழித்தார். புது ஸ்பிரிங் வரும்வரை ரோலர் ஓடக் கூடாது என்றார். கைக்கு வைத்தியம் நிலையத்தின் பொறுப்பு, கை ஆறியதும் அவளுக்கு அதே சம்பளத்தில் கணக்கெடுக்கிற வேலை என்றார். மேனேஜரும் மச்சானும் அன்றே வீட்டுக்குப் போனார்கள். முதலாளியம்மாவுக்குத் திடீரென்று கருணை பொங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஐம்பது பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் போர்வை ஜன்னலோரம் விரிந்துவிட்டது. அடுப்புக்குப் போகும்போது கஞ்சியக்காவின் கால் நாத்தனாரின் முட்டியில் இடித்தது. அவள் அசையவில்லை. கஞ்சியக்கா பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நம் ஜனங்கள் விடுவார்களா? திங்கட்கிழமை வேலைக்கு வந்தபோது, மூலையில் தள்ளி வைத்திருந்த அந்த மூட்டை மேல் யாரோ பூ வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர். வாசலில் அந்த மாணவியின் அம்மா நின்றுகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை உள்ளே வந்த முப்பது பேரில் அவளும் ஒருத்தி. மோட்டாரையும் பேட்டரியையும் கண்ணால் பார்த்தவள்.

"ஐயா பொய்யாவே இருக்கட்டும்," என்றாள் அவள். "ஆனா இத்தன துணி இருக்கறப்ப அந்த மூட்டை எதுக்கு அந்த எடத்துல வந்து உக்காரணும்? அதுல என்னமோ இருக்கு. ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேனே. நாளைக்குப் பொண்ணுக்குப் பரீட்சை."

கஞ்சியக்கா வாயைத் திறந்தாள். முதல் நாள் கை தட்டியது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள். அந்த அம்மாளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் மூட்டைக்கு முன்னால் நிறுத்தினாள். பூவை எடுத்துத் தள்ளி வைத்தாள். முடிச்சை அவிழ்த்தாள்.

"நல்லாப் பாருங்க. அந்த ஐயா சொன்னதும் வேணாம், நான் சொல்றதும் வேணாம். தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க. அவசரமே இல்ல."

அந்த அம்மாள் தொட்டாள். குனிந்து முகர்ந்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"அழுக்குத் துணிதான் தெரியுது."

"கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பாத்ததுமே தெரியுதே."

"அவ்வளவுதாம்மா வேல," என்றாள் கஞ்சியக்கா, மூட்டையை வாரித் தொட்டிக்குள் தள்ளிக்கொண்டே. "அந்த முதல் நாளே கை தட்டாம நாங்க இருபத்திரண்டு பேரும் இந்த ஒரு நிமிஷத்தச் செலவு பண்ணியிருந்தா, என் நாத்தனாருக்கு இன்னிக்குப் பத்து விரலும் மடங்கியிருக்கும்."